வரைந்து கற்றலும் வரைந்து பழகுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடி வரைகிறோம். ஆறு வயதுப் பிள்ளையும் எழுபதைத் தாண்டிய அம்மம்மாவும் ஒரே பாயில் இருந்து வரைவார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் அயலவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை, நேரில் சொல்வதை விடச் சற்று விரிவாக, இங்கே எழுதியிருக்கிறேன்.

இது சித்திர வகுப்பா?

இல்லை. பாடசாலையில் சித்திரம் என்பது சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றைப் போல ஓர் அழகியல் பாடம். அதற்குப் பாடத்திட்டமும் பரீட்சையும் புள்ளியும் உண்டு. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பும் உண்டு. நாங்கள் செய்வது வேறு. எழுதப் படித்த எல்லோரும் எழுத்தாளர் ஆவதில்லை. ஆனாலும் கடைக்குக் கொண்டுபோகும் துண்டையும் தலைமை ஆசிரியருக்குக் கொடுக்கும் கடிதத்தையும் நாமே எழுதிக்கொள்கிறோம். வரைதலையும் அவ்வாறு எல்லோருடைய கையிலும் இருக்கவேண்டிய ஒரு பழக்கமாகவே நாங்கள் பார்க்கிறோம். தச்சுத் தொழிலாளி காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பலகையின் மூலையில் ஒரு பொருத்தை வரைந்து காட்டுகிறார்; தையற்காரி துணிமீது வெண்கட்டியால் கழுத்து வளைவை இழுக்கிறார்; வழி கேட்டவருக்கு ஓட்டோ ஓட்டுநர் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் சந்தியைக் கீறிக் கொடுக்கிறார். இவர்களில் எவரும் தம்மை ஓவியர் என்று சொல்வதில்லை. ஆனால், சொல்லால் முடியாததைக் கோட்டால் முடிக்கிறார்கள்.

இந்த எண்ணம் புதியதும் அன்று. இங்கிலாந்தில் கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின் 1850களில் இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் மாலை வேளைகளில் வரைதல் கற்பித்தபோது, தச்சரை ஓவியராக்குவது தம் நோக்கமன்று என்றே கூறினார். தச்சராகவே அவர் நிறைவாக வாழவேண்டும் என்பதும் கண்ணால் காணப் பழகவேண்டும் என்பதுமே அவருடைய அக்கறை. அவர் நிறுவிய புனித ஜோர்ஜ் சங்கம், அவர் மறைந்து 100 ஆண்டுகள் நிறைந்த 2000ஆம் ஆண்டில் வரைதலுக்கான ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ‘பிக் டிரோ’ என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தை ஒட்டிப் பல நாடுகளில் மக்கள் கூடி வரையும் நிகழ்வுகளாக அது வளர்ந்திருக்கிறது.

எனக்குக் கோடு நேராகவே வராது. நான் வரலாமா?

வரலாம். முதல் நாளில் ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் வாக்கியம் இதுதான். பிள்ளைகளை விடப் பெரியவர்களே அதிகம் சொல்கிறார்கள்.

தடை பெரும்பாலும் கையில் இருப்பதில்லை. ஒரு தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்து, இருந்த இடத்திலிருந்தே பார்த்து வரையச் சொல்லுங்கள். கோப்பையின் வாயை நீள்வட்டமாக வரைபவர்கள் அடிப்பகுதிக்கு வந்ததும் அடிமட்டம் வைத்தாற்போல ஒரு நேர்கோட்டை இழுத்துவிடுவார்கள். கோப்பை மேசையில் தட்டையாக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு கண்ணை முந்திக்கொள்கிறது. உண்மையில் அடியின் விளிம்பும் வளைந்தே தெரிகிறது, அதுவும் வாயின் வளைவை விடச் சற்றுக் கூடுதலாகவே வளைகிறது. “கோட்டை அழிக்க வேண்டாம், கோப்பையை இன்னொரு முறை பாருங்கள், பக்கத்தில் இரண்டாவதாக வரையுங்கள்” என்று சொன்னால், நான்காவது அல்லது ஐந்தாவது கோப்பையில் அந்த வளைவு தானாக வந்துவிடும். நேர்கோடு வராத கை அதுவரை யாருக்கும் இடையூறு செய்வதில்லை.

வரைந்தால் பாடம் நினைவில் நிற்கும் என்கிறீர்கள். அதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ், மெலிசா மீட், மைரா பெர்னாண்டஸ் ஆகியோர் செய்து 2016இல் வெளியிட்ட பரிசோதனைகளை முதலில் சொல்லலாம். பங்குபற்றியவர்களுக்குச் சாதாரணச் சொற்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. சிலவற்றை அவர்கள் 40 விநாடி நேரம் வரைய வேண்டும், சிலவற்றை அதே நேரம் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். பின்னர் நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது, எழுதிய சொற்களை விட வரைந்த சொற்களே தெளிவாகக் கூடுதலாக நினைவுக்கு வந்தன. வரைவதற்கு 4 விநாடி மட்டும் கொடுத்தபோதும் அந்த நன்மை மறையவில்லை. படம் அழகாக இருந்ததா இல்லையா என்பதும் முடிவை மாற்றவில்லை. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஒரு சொல்லை வரையும்போது அது எதைக் குறிக்கிறது என்று சிந்திக்க வேண்டும், கையால் அதை உருவாக்க வேண்டும், உருவானதைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

வகுப்பில் கொப்பி ஓரத்தில் கிறுக்கும் பிள்ளைகளுக்காகவும் ஒரு சொல். பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி அன்ட்ரேட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியின் ஒலிப்பதிவு கேட்க வைக்கப்பட்டது. கேட்டுக்கொண்டே வடிவங்களுக்கு நிழல் தீட்டிய பாதிப்பேர், சும்மா இருந்து கேட்டவர்களை விட 29 வீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். கிறுக்கல் எல்லாமே நல்லது என்று இதனால் ஆகாது. எழுதவேண்டிய நேரத்தில் பூப்போடுவது வேறு விடயம். ஆயினும், காது கேட்கும்போது கை அசைகிறது என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன், அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லும்படி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

விஞ்ஞானப் பாடத்தில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரு செவ்வரத்தம்பூவோடுதான் பதில் சொல்வேன், ஏனென்றால் கொழும்பில் மண் தொட்டி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அது கிடைக்கும்.

முதலில் பூவைக் காட்டாமல், நினைவிலிருந்து வரையச் சொல்கிறோம். தரம் 8 பிள்ளைகள் பாடநூற்படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள், பெயர்களும் தெரியும். இருந்தும் பெரும்பாலானோர் இதழ்களின் நடுவில் ஒரு தண்டையும், அதன் பக்கத்தில் தனித்தனியாக நிற்கும் கேசரங்களையும் (மகரந்தம் தாங்கும் இழைகளையும்) வரைவார்கள். அதன்பின் ஆளுக்கொரு பூ கொடுக்கப்படும். இப்போது பார்த்து வரையவேண்டும். ஐந்து நிமிடம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு பிள்ளை பூவைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகும். “இது தனித்தனியா நிக்கேல்லை!” கேசரங்கள் எல்லாம் அடியில் ஒன்றாக ஒட்டி ஒரு குழாயாகியிருப்பதும், தம்பம் அந்தக் குழாயின் உள்ளே ஓடி மேலே வெளிவருவதும், அதன் நுனியில் வெல்வெட்டுப் பொட்டுகள் போல ஐந்து குறிகள் பிரிந்து நிற்பதும் அப்போதுதான் தெரியும். இதழ்களை எண்ணினால் அதுவும் ஐந்து. பிளேட்டால் பூவின் அடியிலுள்ள சூலகத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அதன் உள்ளேயும் ஐந்து அறைகள். இந்த ஐந்தை ஆசிரியர் சொல்லித் தந்திருந்தால் ஒரு வரியாக முடிந்திருக்கும்; பென்சிலோடு தேடிக் கண்டதனால் அந்தப் பிள்ளை அதைத் தன் சொந்தமாக வைத்திருக்கிறது. இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டி, இடையில் என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஆசிரியருக்குப் பயன்படுவதும் அந்த இரண்டு வரிதான், ஏனென்றால் எந்தப் பிழையான எண்ணம் பிள்ளையின் மனத்தில் இருந்தது என்பதை எந்த வினாத்தாளையும் விடத் தெளிவாக முதற்படம் காட்டிக்கொடுக்கிறது.

ஷாரன் ஏன்ஸ்வேர்த், வோன் பிரெயின், ரஸல் டைட்லர் ஆகியோர் 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையும் இதையே வற்புறுத்துகிறது: மாணவர் மற்றவர்களின் படங்களைப் பார்த்து விளங்கிக்கொள்வது மட்டும் போதாது, தாமே வரைந்து விளக்கவும் பழகவேண்டும். விஞ்ஞானிகள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஸ்பானிய மருத்துவர் சந்தியாகோ ரமோன் இ கஹால் நுணுக்குக்காட்டியின் கீழ்க் கண்ட நரம்புக் கலங்களை மணிக்கணக்காக வரைந்தார். நரம்புத் தொகுதி ஒரே தொடர்வலை அன்று, தனித்தனிக் கலங்களால் ஆனது என்ற அவருடைய முடிவு அந்த உழைப்பிலிருந்து பிறந்தது. 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய படங்கள் இன்றும் பாடநூல்களில் அச்சாகின்றன.

கணிதத்துக்கும் பொருந்துமா?

நம் வாசலிலேயே விடை இருக்கிறது. 1 தொடங்கி 7 வரை நேர்ப்புள்ளியாக வைத்துத் திரும்ப 1இல் முடியும் கோலத்தில் எத்தனை புள்ளிகள் என்று கேளுங்கள். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று கூட்டினால் 25. அதையே 16 + 9 என்று பிரிக்கலாம். அதாவது நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும். ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பதை மாவுப்புள்ளியில் கண்ட பிள்ளைக்கு அட்சரகணிதத்தில் அது மீண்டும் வரும்போது பழகிய முகமாகத் தெரியும். 1970களில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் ஆராய்ந்தார்கள். தைப்பொங்கலுக்கு ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டும் தொடர்மாடி வீடுகளில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கைநழுவிப் போகிறதே என்ற கவலை எனக்கு உண்டு.

பிள்ளை வரைந்ததைப் பெற்றோர் திருத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் புகைபோக்கி வைத்த வீடு: கொழும்பிலே பிறந்து மலைநாட்டையே காணாத பிள்ளைகளும் இதே காட்சியைத்தான் வரைகிறார்கள். யாரோ ஒருவர் கையைப் பிடித்து இப்படித்தான் வரையவேண்டும் என்று காட்டிக்கொடுத்ததன் விளைவு அது. அந்தப் பிள்ளையின் ஜன்னலுக்கு வெளியே கடலும் தண்டவாளமும் தண்ணீர்த் தாங்கியும் துணிக்கொடிகளும் இருக்கின்றன. அவை படத்தில் வருவதே இல்லை.

“இது என்ன?” என்று கேட்பதை விட “இதைப்பற்றிச் சொல்லுங்கோ” என்பது நல்லது. முன்னைய கேள்வி படம் விளங்கவில்லை என்று சொல்லிவிடுகிறது. “வடிவாயிருக்கு” என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவதும் உதவாது. கண்டதைச் சொல்லுங்கள்: “பஸ்ஸின் சில்லை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக வரைந்திருக்கிறீர்கள்.” அவ்வளவுதான், பிள்ளை காரணத்தைத் தானே சொல்லும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே?

ரியூஷன் முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளையின் களைப்பை நானும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வகுப்பைச் சுமத்தும்படி சொல்லமாட்டேன். படிக்கும் நேரத்துக்கு உள்ளேயே வரைதலைக் கொண்டுவாருங்கள். சுற்றாடல் பாடத்தை வாசித்து முடித்ததும், புத்தகத்தை மூடி, வாசித்ததை ஒரு பக்கத்தில் பத்து நிமிடத்துக்குள் படமாகவும் அம்புக்குறியாகவும் போடச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதை வேறு நிறப் பேனையால் சேர்க்கட்டும். அதே பாடத்தை மூன்றாம் முறை வாசிக்கச் செலவாகும் நேரத்துக்குள் இது முடிந்துவிடும்.

வரைதல் அயலவர்களோடு பழகுவதற்கு எப்படி உதவும்?

கொழும்பில் ஒரே ஒழுங்கையில் தமிழும் சிங்களமும் பேசும் வீடுகள் மதிலோடு மதிலாக இருக்கின்றன. தமிழ், சிங்கள, முஸ்லிம், பறங்கிக் குடும்பங்கள் ஒரே கடையில் பாண் வாங்குகின்றன. ஆனால் பிள்ளைகள் மொழிவாரியாகப் பிரிந்த வகுப்புகளுக்குப் போகிறார்கள், ஆதலால் பத்து வருடம் அயலில் இருந்தும் ஒருவரோடொருவர் நாலு வசனம் பேசாதவர்கள் உண்டு. பேச்சில் இருவருக்கும் கூச்சம், யாருடைய மொழியில் தொடங்குவது என்ற தயக்கம். ஒரு தாளின் முன் இருவரும் இருந்தால் அந்தத் தயக்கம் இல்லை.

நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறு டிமைத் தாள்களைப் பின்புறம் ஒட்டி நிலத்தில் விரித்தோம். நடுவில் ஒழுங்கையை மட்டும் இரண்டு கோடாக இழுத்துவிட்டுப் பென்சில்களைப் பரப்பி வைத்தோம். தமிழும் சிங்களமும் பேசும் பதினைந்து பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த பெரியவர்கள் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவரும் தம் வீட்டை வைத்து, அங்கிருந்து தாம் நடக்கும் பாதையை வரையவேண்டும். முதல் அரைமணி நேரம் எல்லோரும் தத்தம் மூலையிலேயே இருந்தார்கள். பிறகு பாதைகள் ஒன்றையொன்று வெட்டத் தொடங்கின. வெட்டிய இடத்தில் பேச்சும் தொடங்கியது, பாதித் தமிழ், பாதிச் சிங்களம், மிச்சம் கைச்சாடை. ஒரு சிறுவன் எல்லா நாய்களையும் பெயரோடு வரைந்திருந்தான். பெரியவர்கள் வாகனம் நிறுத்தும் இடங்களை அளவோடு வைத்தார்கள். பிள்ளைகளில் ஐந்து பேர், ஒருவரைப் பார்த்து ஒருவர் வரையாமல், ஒரே இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் போட்டிருந்தார்கள்: மூடி உடைந்த வடிகான். மழைக்குத் தண்ணீர் நிரம்பினால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நடக்கிறார்கள். அந்த ஒழுங்கையில் முப்பது வருடம் இருந்த பெரியவர்கள் எவருடைய கோட்டிலும் அது இல்லை. அடுத்த வாரமே இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து தடித்த பலகை ஒன்றை அதன்மேல் இட்டார்கள்.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1980களின் இறுதியிலிருந்து ரொபர்ட் சேம்பர்ஸ் போன்றோர் பரப்பிய பங்கேற்பு மதிப்பீட்டு முறைகளில், கிராம மக்கள் தம் ஊரின் வரைபடத்தைத் தடியாலும் கல்லாலும் பொடியாலும் நிலத்திலேயே வரைவார்கள். வெளியிலிருந்து வந்த அதிகாரி தடியை மக்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது அதன் முக்கிய விதி. கொழும்பு ஒழுங்கையிலும் அதே விதிதான்: பென்சிலைக் கொடுத்த பிறகு நடத்துபவர் பேசக்கூடாது. எனக்கு மிகவும் கடினமாக இருப்பதும் அதுவே.

போர், இடப்பெயர்வு பற்றிய நினைவுகளை வரையச் சொல்லலாமா?

சொல்லக்கூடாது, வந்தால் ஏற்கவேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பல குடும்பங்கள் எதையோ விட்டு வந்தவை. “வீட்டை வரையுங்கள்” என்ற எளிய சொல்லே சிலரை எங்கேயோ கொண்டுபோய்விடும். அப்படி ஒரு படம் வந்தால் அவசரமாகக் கேள்வி கேட்காமல், சுவரில் ஒட்டாமல், வரைந்தவர் பக்கத்தில் இருங்கள். ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து அவர் மனநிலை இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல நம்மில் எவருக்கும் தகுதியில்லை; தொடர்ந்து கலங்கும் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரே தேவை.

பொறுமையோடு செய்தால் என்ன முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணங்கள் உண்டு. மட்டக்களப்பில் 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரைந்ததைத் திரட்டி, ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்னும் நூலாக 2011இல் தந்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அந்த நூலில் மக்களின் கையால் வந்த கோடும், அதையே கட்டடக்கலை முறையில் வரைந்த படமும், ஓவியரின் படமும் சேர்ந்து வருகின்றன. கிணறு எங்கே இருந்தது, சாமியறை எந்தப் பக்கம் என்று கோணலான கோட்டில் காட்டப்பட்ட அந்தத் தரைப்படங்களை நான் ஒரே அமர்வில் பார்த்து முடிக்கவில்லை.

இன்னும் பின்னே போனால், இரண்டாம் உலகப்போரில் நாசிகள் யூதரை அடைத்துவைத்த தெரேசின் முகாமில் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியை ஒளித்து ஒளித்துப் பிள்ளைகளுக்கு வரைதல் கற்பித்தார். 1944இல் அவர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகளின் ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராக் யூத நூதனசாலையில் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தில் தன் பெயரை எழுதவேண்டும் என்று அவர் வற்புறுத்தியிருந்தார். நாங்களும் அதைப் பின்பற்றுகிறோம்.

வயதானவர்களுக்கு ஏற்றதா?

மிகவும். முன்னே சொன்ன வாட்டர்லூ ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், முதியவர்களும் எழுதிய சொற்களை விட வரைந்த சொற்களையே நன்றாக நினைவுகூர்ந்தார்கள். கை நடுங்கினால் தடித்த கறுப்புப் பேனை கொடுங்கள், தாளை மேசையில் ஒட்டிவிடுங்கள். பழைய அடுப்படியை வரையச் சொன்னால் அம்மம்மாக்கள் நிறுத்தமாட்டார்கள். பேரப்பிள்ளை அம்மியையும் குழவியையும் அந்தத் தாளில்தான் முதலிற் காண்கிறது.

கொழும்பில் எங்கே போய் வரையலாம்?

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கற்றூண்களை முதலிற் சொல்வேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கல்லாலே திருப்பிக் கட்டுவித்த கோயில் அது. உள்ளே ஒளி மங்கலாக இருப்பதால் நிழல் வரையப் பழகுவதற்கு அதைப்போன்ற இடமில்லை. பூசை வேளையைத் தவிர்த்து, அனுமதி கேட்டு, தூணோரமாக இருந்து வரையுங்கள். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசல் வரியும் கட்டமுமாக இருப்பதால் பிள்ளைகளுக்கு விருப்பம், ஆனால் அங்கே நடைபாதையில் நிற்க இடமில்லை. காலை வேளையிலேயே போய்விடுங்கள். விகாரமகாதேவிப் பூங்காவில் மரவேர்கள். காலிமுகத்திடலில் மாலையில் பட்டம்.

பறவை வரைய விரும்புவோர் தலவத்துகொட தியசரு பூங்காவுக்கோ பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ போகலாம். 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று என்பது இங்கே வாழும் பலருக்கும் தெரியாது. நீலத் தாழைக்கோழி ஓரிடத்தில் நில்லாது. ஆகவே ஒரு பக்கத்தில் பத்துச் சிறு கோட்டுருவங்களை வரையுங்கள், அது அதே நிலைக்குத் திரும்பி வரும்போது விட்ட கோட்டைத் தொடருங்கள்.

துறைமுகம், இராணுவக் கட்டடங்கள், காவலரண்கள் ஆகியவற்றை வரைய வேண்டாம். யாராவது உத்தியோகத்தர் விசாரித்தால் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். மனிதரை வரைவதானால் முதலிற் கேளுங்கள், முடிந்ததும் காட்டுங்கள். புறக்கோட்டை வியாபாரிகளில் பலர் தம் படத்தைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரரையும் வரையச் சொல்வார்கள்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பாண்ஸ் பிளேஸிலுள்ள சபுமல் மன்றம். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’ ஓவியர்களான ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோரின் படைப்புகளை அங்கே அமைதியாக நின்று பார்க்கலாம். அக்குழுவைச் சேர்ந்த ஜெஃப்ரி பெலிங் கல்வித் திணைக்களத்தில் சித்திரப் பரிசோதகராகவும் இருந்தவர். ஆகவே இந்நாட்டின் நவீன ஓவியமும் பாடசாலைச் சித்திரமும் ஆரம்பத்திலேயே ஒரே கைகளில் இருந்தன. 1993 முதல் நடந்துவரும் ‘கலா பொல’ என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தை ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் கூடும் நாளில் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிச்செல்லுங்கள், வாங்குவதற்காக அன்று, வரைந்தவரிடமே கேள்வி கேட்பதற்காக.

என்ன பொருட்கள் வேண்டும்?

2பி, 4பி பென்சில் ஒவ்வொன்று, சாதாரண ஏ4 தாள், ஒரு போல்பொயின்ற் பேனை. அழிறப்பர் வேண்டாம். விலை கூடிய வர்ணப்பெட்டி பிள்ளையைத் தாளுக்குப் பயப்பட வைக்கும்.

டப்லெற்றில் வரைந்தால் போதாதா?

பழகியவர்களுக்கு நல்ல கருவிதான். ஆனால் தொடக்கத்தில், பிழைத்த கோடு மறையாமல் கண்முன் இருப்பது அவசியம். ஒரு தட்டலில் அது காணாமற்போனால் நான்காவது கோப்பையை முதலாவதோடு ஒப்பிட முடியாது. பலர் கூடி ஒரே வரைபடம் வரைவதற்கும் நிலத்தில் விரித்த தாளே வசதி.

வீட்டிலேயே எப்படித் தொடங்குவது?

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை தாள்களை வையுங்கள். நடுவில் ஒரு பொருள்: மூடி திறந்த கறிவேப்பிலை டப்பா, பாதி உரித்த தோடம்பழம், திருவலை, எதுவாயினும் சரி. பத்து நிமிடம் யாரும் பேசாமல் அதைப் பார்த்து வரையுங்கள். தொலைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். பத்து நிமிடம் ஆனதும் தாள்களை வட்டமாகப் பரப்பி, ஒவ்வொருவரும் மற்றவரின் படத்தில் இருக்கும், தாம் கவனிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். திகதியையும் பெயரையும் எழுதி ஒரு கோப்பில் போடுங்கள். அடுத்த முறை அதே பொருளையே வையுங்கள், ஆனால் எல்லோரும் ஓர் இருக்கை தள்ளி இருங்கள்.